கடையில் கற்றவரும் ஐடிஐயில் படித்தவரும்: சின்னசேலம் வட்டாரத்தில் மின்பணிக் கல்வி

சின்னசேலத்தில் வீடு கட்டுகிறவர்கள் எலக்ட்ரீசியனைத் தேடி அலைவதில்லை. கொத்தனார் மேஸ்திரியே ஒருவரைக் கையோடு அழைத்து வருவார். இல்லையென்றால் ஒயரும் பைப்பும் வாங்குகிற கடையில் ஒரு போன் நம்பர் கிடைக்கும். "பாயிண்டுக்கு எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

சட்டம் சொல்வதோ வேறு. நுகர்வோர் இடத்தில் நடக்கும் மின்வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும், அதையும் தகுதிச் சான்று உள்ள ஒருவர் நேரடியாக மேற்பார்வையிட வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-ஆம் விதி சொன்னது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டும் விலக்கு. மத்திய மின்சார ஆணையம் 2010-லும் மறுபடி 2023-லும் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இதே கொள்கையைத்தான் தொடர்கின்றன. சட்டப்படி பல்பு மாற்ற மட்டுமே உரிமை உள்ளவர், நம் ஊரில் கல்யாண மண்டபத்துக்கே ஒயரிங் செய்கிறார்.

நாடு முழுக்க மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அண்மை ஆண்டுகளில் கணக்குக் காட்டுகிறது. இவற்றில் எல்லாமே ஒயரிங் கோளாறு அல்ல. அறுந்து விழுந்த லைனும், பன்றிக்குப் போட்ட வேலியும் இதில் சேரும். ஆனாலும் யார் எலக்ட்ரீசியன், அவர் எங்கே கற்றார் என்ற கேள்வியை இந்தக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச முடியாது.

இந்த வட்டாரத்தில் தொழில் கற்க முதன்மையாக இரண்டு வழிகள். ஒன்று, அண்ணனிடம் சேர்வது. மற்றது, ஐடிஐயில் சேர்வது.

அண்ணன் என்பவர் சொந்த அண்ணன் அல்ல. ஊரில் பெயர் வாங்கிய எலக்ட்ரீசியன். பத்தாவது தவறிய பையனோ, பரீட்சை லீவில் சும்மா இருப்பவனோ ஏணி தூக்கப் போகிறான். முதலில் சுவரில் காடி வெட்டுவது. பிறகு பைப் பதிப்பது, ஸ்பிரிங் விட்டு ஒயர் இழுப்பது. அதற்குப் பிறகு சுவிட்ச் போர்டு. டிபி பாக்ஸைத் தொட விடுவதற்குள் இரண்டு வருஷம் போய்விடும். மூன்று பேஸ் வேலை கடைசிப் பாடம். பாடத்திட்டம் எழுதி வைக்காத பள்ளிக்கூடம் இது. எந்த வேலை வருகிறதோ அதுதான் அன்றைய பாடம்.

அந்தப் பாடத்தின் தரத்தைக் குறைத்துப் பேசிவிடக் கூடாது. மக்காச்சோளமும் கரும்பும் மரவள்ளியும் விளைகிற இந்தப் பக்கத்தில் எலக்ட்ரீசியனின் பாதி வேலை கிணற்று மேட்டில்தான். விவசாயப் பம்ப்செட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் 1990 முதல் இலவச மின்சாரம். அதனால் மோட்டார் இல்லாத காடு அரிது. கோடையில் ஒரு மோட்டார் ஷெட்டில் நான் கேட்ட பேச்சு இது.

"என்னண்ணே, மோட்டார் உறுமுது, தண்ணி ஏத்த மாட்டேங்குது" என்றார் காட்டுக்காரர்.

"மொதல்ல ஆஃப் பண்ணுங்க. காயில் போயிடும்."

கூட வந்த பையன் ஸ்டார்ட்டரில் டெஸ்டர் வைத்துப் பார்த்தான். "மூணுலயும் எரியுதுண்ணே."

"டெஸ்டர நம்பாதடா. ரெண்டு பல்ப எடு."

இரண்டு பல்புகளை சீரியஸில் கட்டிய ஒயரை எடுத்து, பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே வைத்தார்கள். ஒரு ஜோடியில் பளிச்சென்று எரிந்தது. மற்ற இரண்டிலும் மங்கல். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபியூஸ் போயிருந்தது. அதே லைனில் ஆஃப் செய்யாமல் விட்ட பக்கத்துக் காட்டு மோட்டார்களின் காயில் வழியாக, செத்த பேஸிலும் கரண்ட் திரும்பி வருகிறது. டெஸ்டர் மின்ன அது போதும், மோட்டார் சுற்ற அது போதாது. பையனுக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் எந்தத் தேர்விலும் முழு மதிப்பெண் பெறும். ஆனால் கரண்ட் ஏன் அப்படித் திரும்பி வருகிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. "அப்படித்தான் வரும்" என்பதோடு விஷயம் முடிந்தது.

இந்த வழியின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. ஏன் என்று தெரியாமல் எப்படி என்று மட்டும் கற்றவர், பழகிய கோளாறுக்குத் தடுமாற மாட்டார். புதிதாக ஒன்று வந்தால் கையில் உள்ள பழக்கத்தையே அங்கேயும் ஓட்டுவார். இரண்டு பேஸ் மட்டும் வருகிற நேரத்தில் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டுகிற வித்தை அப்படிப் பரவியதுதான். முறையற்றது என்று மின்வாரியம் சொல்கிறது, காயில் சீக்கிரம் கருகும் என்று ரீவைண்டிங் கடைக்காரரும் சொல்கிறார். இருந்தும் அது நிற்கவில்லை. எர்த் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆழமாகக் குழி தோண்டி, பைப் இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் எடுக்க நேரமும் காசும் ஆகும். எர்த் இல்லாமலும் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. வீட்டுக்காரருக்கும் அது தெரியாது, கேட்கவும் மாட்டார். கிரைண்டரில் விறுவிறு என்று அடிக்கும்போதுதான் பேச்சு வரும். இன்சுலேஷன் எத்தனை மெகாஓம் என்று பார்க்கிற மெக்கரைக் கண்ணால் பார்க்காமலே பத்து வருஷம் தொழில் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஐடிஐ. சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் பிள்ளைகள் இந்த நிலையங்கள். 1956-ல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சின்னசேலத்திலும் உளுந்தூர்பேட்டையிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. தனியார் நிலையங்களும் உண்டு. எலக்ட்ரீசியன் பிரிவு இரண்டு வருஷம். பத்தாவது தேறியிருக்க வேண்டும். வயர்மேன் பிரிவும் இரண்டு வருஷம்தான், அதற்கு எட்டாவது போதும். அரசு நிலையங்களில் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை என்று சலுகைகள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. எந்த ஐடிஐயிலும் கலந்தாய்வில் சீக்கிரம் நிரம்புகிற பிரிவுகளில் எலக்ட்ரீசியன் ஒன்று. அந்தப் பிரிவில் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

பாடம் என்னவோ கனமானது. முதல் வருஷம் பாதுகாப்பு, கைக்கருவிகள், ஜாயின்ட் வகைகள், ஓம் விதி, பேட்டரி, ஒயரிங், எர்த்திங், அளவுக் கருவிகள், டிரான்ஸ்ஃபார்மர். இரண்டாம் வருஷம் டிசி, ஏசி மோட்டார்கள், வைண்டிங், கன்ட்ரோல் பேனல், டிரைவ், இன்வெர்ட்டர், சோலார். பாடப் புத்தகங்களை வெளியிடுவது கிண்டியில் உள்ள தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம். ஜெர்மன் உதவியோடு 1986-ல் தொடங்கியது. தமிழிலும் புத்தகம் கிடைக்கிறது. செத்த பேஸில் டெஸ்டர் ஏன் எரிகிறது என்ற கேள்விக்கு விடை காணத் தேவையான அத்தனையும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

இல்லாதது கிணற்று மேடு. பிரிட்டானியா ஜாயின்ட் போட்டு, கம்பி சுற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்து மார்க் வாங்கும் மாணவன், வீட்டு வேலைக்குப் போனால் அந்த ஜாயின்டை வாழ்நாளில் ஒருமுறைகூடப் போடப் போவதில்லை. அது மேல்நிலைக் கம்பிகளுக்கானது. பயிற்சிப் பலகையில் அவன் செய்கிற ஒயரிங் பத்து நிமிஷத்தில் கழற்றப்பட்டு அடுத்தவனுக்குப் போகும். சுவரில் காடி வெட்டினால் எவ்வளவு தூசி பறக்கும், கொத்தனாரோடு எப்படிச் சண்டை போடாமல் வேலை வாங்குவது, எஸ்டிமேட் எப்படிப் போடுவது என்பதெல்லாம் அங்கே இல்லை. சான்றோடு வெளியே வந்தவன் ஊரில் வேலைக்குப் போக நினைத்தால் மறுபடி அண்ணனிடம் ஏணி தூக்கித்தான் ஆக வேண்டும். இரண்டு வருஷம் படித்தவனுக்கு அது கௌரவக் குறைச்சல். அதனால் போவதில்லை.

உண்மையில் ஐடிஐ அவனை ஊருக்காகத் தயாரிக்கவும் இல்லை. அதன் கண் எப்போதும் தொழிற்சாலை மேல்தான். 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி, ஐடிஐ முடித்தவர் ஒரு வருஷம் நிறுவனத்தில் தொழில் பழகுநராக இருந்து தேர்வு எழுதினால் தேசிய சான்று கிடைக்கும். 2019-ல் திருத்திய விதிகளின்படி அவருக்குக் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை. நம் பக்கத்துப் பையன்கள் நெய்வேலி என்எல்சிக்கும், ரயில்வே பணிமனைகளுக்கும், மின்வாரியத்துக்கும் இதற்காக மனுப் போடுகிறார்கள். கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், வட்டாரத்து அரிசி ஆலைகள், ஜவ்வரிசி ஆலைகள் எல்லாவற்றுக்கும் மெயின்டனன்ஸ் ஆள் வேண்டும். தைவானின் பூ சென் நிறுவனம் இந்த மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலைக்கு 2023-ல் ஒப்பந்தம் போட்டிருப்பதால், இனி அந்தப் பக்கமும் கண் போகும். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து மாநில அரசு 71 அரசு ஐடிஐக்களை 'தொழில் 4.0' நிலையங்களாக மாற்றியதும் தொழிற்சாலையை மனத்தில் வைத்துத்தான். ரோபோவும் மின்வாகனமும் வரட்டும், நல்லதுதான். கிராமத்து வீட்டின் எர்த் குழி அந்தத் திட்டத்தில் எங்கும் வராது.

மின்வாரிய வேலை என்பது தனிக் கனவு. அதன் கதையும் வினோதம். 2019-ல் 5,000 கேங்மேன் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது கேட்ட கல்வித் தகுதி ஐந்தாம் வகுப்பு; கம்பம் ஏறிக் காட்ட வேண்டும். ஐடிஐ படித்தவர்களுக்கான 2,900 கள உதவியாளர் பணியிடங்களுக்கு 2020-ல் வந்த அறிவிப்போ பிறகு ரத்தானது. அரசு வாரியங்களின் ஆள்சேர்ப்பு டிஎன்பிஎஸ்சி கைக்கு மாறிய பின், 2025 செப்டம்பரில்தான் மின் பகிர்மானக் கழகத்துக்கு 1,794 கள உதவியாளர் பணியிடங்கள் அறிவிக்கப்பட்டன. இடைப்பட்ட அந்த ஐந்து வருஷத்தில் சான்று வாங்கி வைத்துக் காத்திருந்தவர்களில் பலர் சூப்பர் மார்க்கெட்டிலும் டெலிவரி வண்டியிலும் நின்றார்கள். தொழிலை விட்டுக் கை விலகினால் மறுபடி ஒட்டுவது சுலபமல்ல.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேர்ந்து டிப்ளமோ வாங்கலாம். படிக்க வசதி இருந்தால் இதைவிட நல்ல முடிவு இல்லை. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் ஹவுஸ் ஒயரிங், மோட்டார் ரீவைண்டிங் 30 நாள் வகுப்புகள் உண்டு. முப்பது நாளில் எலக்ட்ரீசியன் ஆகிவிட முடியாது. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் விட்டதைப் பிடிக்க அது உதவும். ஐடிஐ எலக்ட்ரீசியனுக்கு மேல்படியாகச் சூரியமித்ரா என்ற மூன்று மாத சோலார் பயிற்சியைத் தேசியச் சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்துகிறது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் கூரைப் பேனல்கள் சின்னசேலம் வரை வந்துவிட்டன. மாட்டுகிறவர்களை வெளியூரிலிருந்து கூட்டி வருகிறார்கள்.

இனி லைசென்ஸ். தமிழ்நாடு மின் உரிம வாரியம் மூன்று வகைத் தகுதிச் சான்றுகள் தருகிறது: மேற்பார்வையாளர், மின்கம்பியாள், மின்கம்பியாள் உதவியாளர். டிப்ளமோவும் பட்டமும் பெற்றவர்களுக்கு முதலாவது. ஐடிஐயில் எலக்ட்ரீசியன் அல்லது வயர்மேன் முடித்து உரிய அனுபவம் காட்டுகிறவர்களுக்கு இரண்டாவது. இந்தச் சான்றுள்ளவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, மெக்கர் போன்ற கருவிகளையும் காட்டினால்தான் ஒப்பந்ததாரர் உரிமம். வாரியம் இருப்பது சென்னை கிண்டி. வேலைவாய்ப்பு பயிற்சித் துறையின் தலைமையும் கிண்டி. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற அரசு நிறுவனமும் கிண்டி. சின்னசேலத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர்.

அந்தத் தூரத்தை ஊர் தன் பாணியில் கடந்துவிட்டது. புது வீட்டுக்கு சர்வீஸ் வாங்க ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். வேலை செய்தவரிடம் உரிமம் இருக்காது. உரிமம் உள்ளவர் வேலையைப் பார்த்திருக்க மாட்டார். கையெழுத்துக்கு ஒரு தொகை; அதையும் வீட்டுக்காரர் தலையில் 'இபி செலவு' என்று எழுதிவிடுவார்கள். மெக்கர் வைத்துப் பார்க்காமலே காகிதத்தில் மெகாஓம் மதிப்பு ஏறிவிடும். பாதுகாப்புக்காக வைத்த ஒரு படி வெறும் முத்திரைச் செலவாக மாறியிருப்பது இந்தத் துறையின் பெரிய தோல்வி என்று நினைக்கிறேன். அண்ணன்களை மட்டும் இதற்குக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் உள்ளே வருவதற்கு வாசல் எங்கே என்று யாரும் காட்டவில்லை.

வாசல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதுதான் மூன்றாவது சான்று. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அவ்வப்போது நாளிதழில் கலெக்டர் அறிவிப்பாக நாலு வரி வரும். ஒயரிங் தொழிலில் ஐந்து வருஷத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம், 21 வயது, இவ்வளவுதான் தகுதி. பள்ளிச் சான்று கேட்பதில்லை. தேர்வு நடப்பது தேர்ந்தெடுத்த அரசு ஐடிஐக்களில். கையால் கற்றவரின் கையைச் சோதித்து அரசு சான்று தருகிற ஏற்பாடு இது. இதைப் பற்றி நான் விசாரித்த எலக்ட்ரீசியன்களில் பாதிப் பேருக்கு மேல் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவர்களும் "அது எதுக்கு சார், அதை யாரு கேக்குறாங்க" என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேட்கிறவர் வந்தால்தானே சான்றுக்கு விலை.

வெளியே கேட்கிறார்கள். சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்குப் போக 'ஸ்கில் டெஸ்ட்' தேற வேண்டும். அதற்கென்றே தமிழ்நாட்டில் மையங்கள் இயங்குகின்றன. அங்கே போனபின் தானே வேலை எடுத்துச் செய்ய வேண்டுமானால் எலக்ட்ரீசியன், டெக்னீசியன், இன்ஜினியர் என்று படிப்படியான உரிமம். எலக்ட்ரீசியன் படிக்கு 45 கேவிஏ வரைதான். ஜெர்மனியில் மூன்றரை வருஷப் பயிற்சியில் மாணவன் சம்பளம் வாங்கும் தொழிலாளி. வாரத்தில் சில நாள் வகுப்பு, மீதி நாள் வேலைத்தளம். இலங்கையில் பள்ளிப் படிப்பு இல்லாத எலக்ட்ரீசியனும் தன் முன்அனுபவத்தை மதிப்பிடச் செய்து என்விக்யூ என்ற தேசியத் தொழில் தகுதிச் சான்று பெறலாம். அந்நாட்டுப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு எலக்ட்ரீசியன்களுக்கு உரிமம் தரும் முயற்சியை அந்தச் சான்றின்மேல்தான் கட்டுகிறது. நமக்கு நெருக்கமான முன்மாதிரி இலங்கையே. ஜெர்மன் முறைக்கு வேண்டிய பெரிய நிறுவனங்கள் சின்னசேலத்தில் இல்லை. அனுபவத்தை அளந்து சான்று தர ஒரு ஐடிஐ பட்டறையும் ஒரு தேர்வாளரும் போதும்.

கல்வராயன் மலைக்குப் போனால் கணக்கு மாறுகிறது. ஜாகிர்தார்கள் கையிலிருந்து 1976-ல்தான் அரசு நிர்வாகத்துக்கு வந்த மலை. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி ஊர்களிலிருந்து இளைஞர்கள் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் கூலி வேலைக்கு இறங்குகிறார்கள். மலையின் சேலம் மாவட்டப் பகுதியில், கருமந்துறையில், பழங்குடியினருக்கான அரசு ஐடிஐ இருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன் கீழே சின்னசேலத்துக்கு வந்து படிக்கலாம். விடுதி கிடைத்தால்தான் அது நடக்கும், தினமும் பஸ்ஸில் இறங்கி ஏற முடியாது. மலையில் அண்ணன் வழியும் அடைபட்டுத்தான் கிடக்கிறது. சேர்ந்து கற்க அங்கே அண்ணனே குறைவு. கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டங்களில் மேலே வீடு எழும்பும்போது ஒயரிங் செய்யக் கீழேயிருந்துதான் ஆள் ஏறிப் போகிறது; வேலை முடிந்ததும் இறங்கிவிடும். பழுது பார்க்க யாரும் இல்லை. பன்றிக்காக லைனிலிருந்து நேரடியாக வேலிக்குக் கரண்ட் கொடுத்து மனிதர் சாவது மலையடிவாரத்துச் செய்திதான். மின்வேலிகளுக்கு 2023-ல் அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. விட்டு விட்டுத் துடிக்கும் சோலார் வேலிக்கும், லைனில் கொக்கி போட்ட கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை ஊரில் ஒருவர் விளக்கிச் சொன்னால், அந்த விதியைவிட அது கூடுதலாக உயிர் காக்கும். மலைக்கு மலையிலிருந்தே எலக்ட்ரீசியன்கள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. ஐடிஐ மாணவனின் இரண்டாம் வருஷத்தில் சில மாதங்களை ஊரின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்களிடமும் ரீவைண்டிங் கடைகளிலும் கழிக்க வைக்கலாம்; தொழிற்சாலையோடு இணைந்து பயிற்சி தரும் இரட்டை முறை 2016 முதல் நடப்பில் உள்ளது, அதில் ஆலை என்று எழுதிய இடத்தில் பட்டறையையும் சேர்த்தால் போதும். சாயங்காலத்தில் பூட்டிக் கிடக்கும் அதே பட்டறையை அண்ணன்களுக்குத் திறந்துவிடலாம். எர்த் ரெசிஸ்டன்ஸ் அளப்பது, மெக்கர் பிடிப்பது, கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஏன் வேண்டும் என்பது. இந்த மூன்றையும் சொல்லிக் கொடுத்தால் பாதி விபத்து குறையும் என்பது என் கணிப்பு. வகுப்பு முடிவில் உதவியாளர் தேர்வு. தேறியவர்கள் பெயர்ப் பட்டியலைப் பேரூராட்சி அலுவலகத்திலும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் ஒட்டலாம். வீட்டுக்காரர் அப்போது கேட்கத் தொடங்குவார்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. ஏணி தூக்கி ஐந்து வருஷம் கடந்தவர்கள், தாங்கள் வேலை செய்த உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் அனுபவச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உதவியாளர் தேர்வு அறிவிப்பு வரும்போது சின்னசேலம் அரசு ஐடிஐக்குப் போய் முதல்வரைக் கேளுங்கள்; விண்ணப்பம் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். எட்டாவதோடு நின்றவர் என்றும், நாற்பதைத் தாண்டியவர் என்றும் யாரும் தயங்க வேண்டாம். அந்தத் தேர்வுக்கு வயது உச்ச வரம்பு கிடையாது.